செல் பாடம்: முதலில் உப்புத் தண்ணீர், அப்புறம் வீடியோ

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் உயிரியல் எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: "வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. செல் பாடத்துக்கு நல்ல நல்ல அனிமேஷனாகத் தேடிப் போடுகிறேன். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பயிற்சியில் பிள்ளைகளே கேள்வி கேட்டுத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள். பள்ளியில் உருப்படியான நுண்ணோக்கி ஒன்றுதான் இருக்கிறது, பீரியட் 45 நிமிடம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?"

டீச்சர், நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்திலேயே, முதலில் ராயபுரத்திலும் அப்புறம் வியாசர்பாடியிலும், இதே பாடத்தை நடத்தி வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால் வீடியோவை முதலில் போடாதீர்கள், பிள்ளைக்குள் ஒரு கேள்வி கிளம்பின பிறகு போடுங்கள். போடும்போதும் அதைப் பாடமாக நினைத்துப் போட வேண்டாம். யாரோ ஒருவர் எழுதிய விடைத்தாள் அது, பிள்ளைகள் அதைத் திருத்தட்டும்.

இப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முதன்முதலில் புரொஜெக்டர் கிடைத்த வருடம் ஒரே பீரியடில் மூன்று வீடியோ போட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது, எனக்கும் மனசு நிறைந்திருந்தது. மறுநாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து செல் படம் போடச் சொன்னபோது எல்லாரும் ஒரே மாதிரி ஒரு வட்டம், நடுவில் ஒரு வட்டம், சுற்றி நாலைந்து பொம்மைகள் என்று போட்டிருந்தார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ன நிறம் என்று கேட்டேன். "ஆரஞ்ச் சார்" என்று பாதி வகுப்பு, "சிவப்பு சார்" என்று மீதி. சாயம் போடாத செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை மணிகளாகத் தெரியும் பசுங்கணிகத்தைத் தவிர அநேகமாக எதுவுமே நிறமாகத் தெரியாது. பிள்ளைகள் தப்பாகப் படிக்கவில்லை, வீடியோ காட்டியதை அப்படியே சரியாகப் படித்திருந்தார்கள். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

செல் அனிமேஷன்கள் பெரும்பாலும் நாலு விஷயத்தில் பிள்ளைகளைத் திசைதிருப்புகின்றன. நிறத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வெற்றிடம். 2006-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் செய்த அனிமேஷனை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதில் கைனசின் என்ற புரதம் ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு ஒரு குழாய் மேல் அடி எடுத்து வைத்து நடக்கும். அழகான வேலை, நானும் காட்டுகிறேன். ஆனால் அந்தக் குழாயைச் சுற்றி ஆளே இல்லாத ரோடு மாதிரி இருக்கும். நிஜ செல்லின் உள்ளே, தீபாவளிக்கு முந்தின வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தலையில் துணி மூட்டையோடு ஒருவர் நடக்கிறாரே, அந்த நெரிசல்தான். எங்கே பார்த்தாலும் புரதமும் தண்ணீரும் இடித்துக்கொண்டே இருக்கும், அந்த இடிபாட்டுக்கு நடுவில்தான் கைனசின் அடிக்கு 8 நானோமீட்டர் வீதம் முன்னேறுகிறது. பிறகு அந்த ஹார்வர்ட் குழுவே நெரிசலைக் காட்டும் இன்னொரு அனிமேஷனும் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது உண்மைக்குக் கிட்ட, ஏன் முதல் படத்தில் கூட்டத்தைக் காட்டாமல் விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கூட்டத்தைக் காட்டினா மூட்டை தூக்குறவரு தெரிய மாட்டாரு சார்" என்று போன வருடம் ஒரு பையன் சொன்னான். மாதிரிப்படம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை என்னால் தந்திருக்க முடியாது.

மூன்றாவது, மூலக்கூறுகள் எல்லாம் புத்தியோடு போவது மாதிரி காட்டுவது. நான்காவது வேகம், செல் பிரிதலின் ஒவ்வொரு நிலைக்கும் வீடியோவில் சமமான நேரம் கிடைத்துவிடும். இந்த இரண்டையும் எப்படிப் பாடமாக மாற்றலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் சவ்வூடு பரவல், அதாவது செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைத் தாண்டித் தண்ணீர் போய்வருவது. வட சென்னைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, ஞாபகப்படுத்தினால் போதும். பள்ளி வாசலில் மாங்காய் பத்தைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்கள், பத்து நிமிடம் கழித்து அந்தக் காகிதத்தில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியோடு வகுப்பைத் தொடங்குங்கள், 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லை வாயிலேயே எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பதிலை நோட்டில் எழுத வேண்டும், தப்பாக இருந்தாலும் எழுத வேண்டும். "உப்புல ஈரம் இருந்துச்சு", "காத்துல இருந்து வந்துச்சு", "மாங்காக்குள்ள இருந்து வந்துச்சு" என்று மூன்றும் வரும். மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எது சரி என்று நீங்கள் சொல்லாமல் விடுங்கள்.

அடுத்த பீரியட் நுண்ணோக்கி. ரோயோ இலை கிடைக்கும், மேலே பச்சை, அடியில் ஊதா, வீட்டுத் தொட்டியிலும் ரோட்டோரத் தோட்டத்திலும் வைப்பார்களே அதுதான். இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடிப்பக்கத்து ஊதாத் தோல் மெல்லியதாக உரிந்து வரும். ஒரு துளித் தண்ணீரில் வைத்து கவர் ஸ்லிப் போட்டால் ஒவ்வொரு செல்லும் முழுக்க ஊதா, ஏனென்றால் அந்த நிறம் செல்லின் நடுவில் சாறு நிறைந்த பெரிய பையான நுண்குமிழ்ப்பைக்குள் இருக்கிறது. இப்போது ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து, அதில் ஒரு துளியைக் கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தை வைத்து இழுங்கள். சில நிமிடத்தில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகி உள்ளே சுருங்குவது கண்ணெதிரே தெரியும். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரே நுண்ணோக்கிதான் இருக்கிறது என்றீர்கள். உங்கள் மல்டிமீடியாவுக்கு உண்மையான வேலை இங்கேதான். செல்போன் கேமராவை ஐபீஸ் மேல் வைத்து, ஒரு தடிமனான காகிதக் குழலையும் ரப்பர் பேண்டையும் வைத்து ஆடாமல் கட்டி, போனின் திரையை ஸ்மார்ட் போர்டுக்கு அனுப்புங்கள், வைஃபை தகராறு பண்ணினால் ஒயர் போட்டு இணையுங்கள். 50 பேரும் ஒரே நேரத்தில் அந்த ஊதா சுருங்குவதைப் பார்ப்பார்கள். அதைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். எங்கேயோ யாரோ செய்த அனிமேஷனுக்கும், தன் வகுப்பு ஜன்னலோரத் தொட்டியில் இருந்த இலை பெரிய திரையில் அசைவதற்கும் பிள்ளையின் முகத்தில் தெரியும் வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது காசிமேட்டில் இருந்து வரும் ஒரு பெண், அவள் வீட்டில் கருவாடு போடுகிறார்கள், எழுந்து நின்றாள். "சார், இது கருவாடு மாதிரிதானே? உப்பு போட்டா மீன்ல இருந்து தண்ணி வுடும்." சரிதான் என்றேன். அவள் உட்காரவில்லை. "அப்போ நல்ல தண்ணி ஊத்துனா இது திரும்பி வருமா? கருவாட்டை ஊற வச்சா உப்பி வரும், ஆனா மீனா ஆவாதே."

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் டீச்சர். அன்றைக்கு நான் திட்டம் போட்டிருந்தது வேறு, அதை விட்டுவிட்டு இதைச் செய்தோம். உப்புத் தண்ணீரை இழுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டோம். பல செல்களில் ஊதா மெதுவாக விரிந்து சுவரைத் தொட்டது. சிலவற்றில் வரவேயில்லை. சிலவற்றில் நிறமே வெளியே கசிந்துபோயிருந்தது. ஏன் ஒரே தோலில் மூன்று விதம்? தோல் உரிக்கும்போது கிழிந்த செல்கள், உப்பில் அதிக நேரம் கிடந்து செத்துப்போன செல்கள் என்று அவர்களே பேசிப் பேசி வந்து சேர்ந்தார்கள். சவ்வு உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும், கருவாட்டில் செல்லே உயிரோடு இல்லை, அதனால் ஊறுமே ஒழிய மீனாகத் திரும்பாது. உயிருள்ள சவ்வு என்ற கருத்தைப் பாடப்புத்தகத்தின் ஒரு வரியில் இருந்து அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு அப்புறம்தான் வீடியோ. சவ்வூடு பரவலுக்கான ஒரு சின்ன அனிமேஷன், ஒன்றரை நிமிடம் போதும். அதில் தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு சவ்வைத் தாண்டி உப்புப் பக்கம் போகும். நிறுத்திவிட்டு, "இந்த விடைத்தாளுக்கு எவ்வளவு மார்க் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டேதான் இருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது, அவ்வளவுதான், எந்த மூலக்கூறுக்கும் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதைக் காட்ட கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் உதவும், 2002-ல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம், இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன. அதில் பரவல் பற்றிய சிமுலேஷனைத் திறந்து தடுப்பை எடுத்துவிட்டால் துகள்கள் கண்டபடி ஓடும், யாரும் யாரையும் தேடிப் போக மாட்டார்கள், ஆனாலும் கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு முதல் வீடியோவுக்குத் திரும்பினால் பிள்ளைகள் தாங்களாகவே சிவப்பு மையை எடுப்பார்கள்.

முடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது, டிரிப்ஸ் ஏற்றுவதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். அந்த பாட்டிலில் ஏன் வெறும் தண்ணீர் இல்லை, ஏன் 0.9 சதவீத உப்பு? சிவப்பணுவுக்குச் செல்சுவர் கிடையாது, நல்ல தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும் என்பதை ரோயோவில் இருந்து எட்டிப் பிடிக்கிற பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

நுண்ணோக்கி பழுதென்றால் பீட்ரூட் இருக்கிறது. நறுக்கின துண்டுகளை நன்றாகக் கழுவிவிட்டு (வெட்டுப்பட்ட செல்களின் சாறு போகட்டும்) ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும் ஒன்றைச் சுடுதண்ணீரிலும் போட்டால் சுடுதண்ணீர்தான் சிவக்கும். சூட்டில் சவ்வு கெட்டுப்போய் நிறம் வெளியே வருகிறது. பீட்ரூட் பொரியல் பண்ணும் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம், ஏன் என்றுதான் யாரும் கேட்டதில்லை.

செல்லுக்குள் இருக்கும் கூழான சைட்டோபிளாசம் ஓடுகிறது என்று காட்ட எந்த அனிமேஷனும் வேண்டாம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் வாலிஸ்நேரியா என்ற நீளமான இலைச்செடி கிடைக்கும், இல்லையென்றால் ஹைட்ரில்லா. ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் வைத்து 400 மடங்கில் பாருங்கள், முதல் நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், விளக்கின் சூடு ஏற ஏறப் பச்சை மணிகள் செல்லின் ஓரமாகவே சுற்ற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.

செல் பிரிதலுக்கு வருவோம். இங்கே வேகப் பிரச்சனை. வீடியோவில் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நாலு நிலையும் சமமாக வந்துபோகும், செல் இன்னும் பிரியத் தொடங்காத இடைநிலை ஒரு வினாடியில் முடிந்துவிடும். வெங்காய வேர்நுனி ஸ்லைடு இருந்தால் அதைத் திரையில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு நல்ல புகைப்படமே போதும். குழுவுக்கு 100 செல், எத்தனை எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணட்டும். பெரும்பாலானவை இடைநிலையில் கிடக்கும், அனாஃபேஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். "ஏன் சார் ஒண்ணு ரெண்டுதான் இருக்கு?" என்று கேட்பார்கள். பதிலாக இதைக் கேளுங்கள்: பகல் முழுக்க தெருவில் பத்து தடவை எட்டிப் பார்த்தாய், ஒன்பது தடவை ஒரு லாரி நின்றிருந்தது, ஒரு தடவைதான் ஓடிக்கொண்டிருந்தது, அப்படியானால் அந்த லாரி அதிக நேரம் என்ன செய்தது? அங்கிருந்து எண்ணிக்கைதான் நேரம் என்பதைப் பிடித்துக்கொள்வார்கள். மனித செல் ஒன்று சுமார் 24 மணிநேரத்துக்கு ஒருமுறை பிரிகிறது என்றால் பிரிதல் நிலை அதில் ஏறக்குறைய ஒரு மணிநேரம்தான் என்று பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் வரி அப்போது கணக்காக மாறும்.

இதற்குப் பிறகு அவர்களையே ஒரு படம் எடுக்க விடுங்கள். குரோமோசோமுக்குப் பதிலாக வளையல் கடை நூல், உல்லன், பாசிமணி, எது கிடைக்கிறதோ அது. தரையில் சாக்பீஸால் ஒரு செல் வரைந்து, நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேலே இருந்து ஒரே போனில் 40, 50 புகைப்படம் எடுத்து ஓட்டினால் அரை நிமிடப் படம் கிடைக்கும். படம் சுமாராகத்தான் வரும், அது பரவாயில்லை. மெட்டாஃபேஸில் இருந்து அனாஃபேஸுக்கு நூலை நகர்த்தும் கை நடுவில் நின்றுவிடும், பாருங்கள். "எத புடிச்சு இழுக்குது?" என்று அவர்களுக்குள் சண்டை வரும். இழுக்கும் கதிர்இழையும் அது பிடித்துக்கொள்ளும் சென்ட்ரோமியரும் அப்போதுதான் தேவைப்படும் பொருளாகிறது, அதுவரைக்கும் வெறும் பெயர்.

அளவைப் பற்றி ஒன்று. வீடியோவில் எல்லாமே திரையளவுதான், மைட்டோகாண்ட்ரியாவும் பெரிது, செல்லும் பெரிது. என் கணக்கு இது. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் ஒன்றை ஒரு கடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சுமார் 80,000 மடங்கு பெருக்கம். அப்போது செல்சவ்வு ஒரு தடிமனான அட்டை கனம்தான் இருக்கும். மைட்டோகாண்ட்ரியா ஒரு கத்திரிக்காய். சிவப்பணு அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், நம் வீட்டுப் பெரிய தாம்பாளம். கன்னத்தின் உட்புறத்து செல் கிட்டத்தட்ட 5 மீட்டர், வகுப்பறை அகலம். வெங்காயத் தோலின் ஒரு செல் 24 மீட்டர், ஒரு பஸ்ஸின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு. கடுகையும் கத்திரிக்காயையும் நிஜமாகவே கொண்டுபோய் மேசையில் வையுங்கள், மீதியைச் சாக்பீஸால் வராந்தாவில் வரையுங்கள். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்தது வெறும் சுவர் மட்டும்தான், உட்கரு என்று ராபர்ட் பிரவுன் பெயர் வைக்க 1831 வரை ஆனது, ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு அந்த வராந்தாவே பாதி பதில் சொல்லும்.

வீடியோவைப் போடும் முறையில் எனக்குப் பழகிப்போன ஒரு வழி, சத்தத்தை நிறுத்திவிடுவது. ஆங்கில வர்ணனை, கீழே ஓடும் எழுத்து, பின்னணி இசை, நகரும் படம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் பிள்ளையின் தலையில் இடம் போதாது. ரிச்சர்ட் மேயர் என்ற கலிஃபோர்னியா உளவியலாளர் பல பத்தாண்டுகளாகச் சோதித்துச் சொன்னதும் இதுதான்: படத்தோடு பேச்சு நன்றாகச் சேரும், அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் போட்டால் பெரும்பாலும் இடைஞ்சல், அலங்காரமாகச் சேர்ப்பது கற்றலைக் குறைக்கும், துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினால் கூடும். அதனால் ஊமைப்படமாக ஓட்டி, இரண்டு பேரை எழுப்பி அவர்கள் பேச்சில் வர்ணனை சொல்லச் சொல்லுங்கள். கலைச்சொல் பாதி வரும், பாதி "அந்த உருண்டை" என்று வரும், விடுங்கள், மற்றவர்கள் திருத்துவார்கள். யாருக்கு எது புரியவில்லை என்பது எந்தப் பரீட்சையையும்விட அந்த ஒன்றரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்' என்று பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது. 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி உளவியலாளர்கள் எழுதிய கட்டுரை இதைக் கடுமையாகவே சொன்னது, வழிகாட்டல் குறைந்தால் புதிதாகப் படிப்பவர்கள் திணறுவார்கள் என்று. என் அனுபவமும் அதுதான், நன்றாகப் படிக்கிற நாலு பேர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எந்தக் கேள்வி, எந்தப் பொருள், எவ்வளவு நேரம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முன்கூட்டி எழுதுவது, பார்ப்பது, எழுதினதோடு ஒப்பிடுவது, இது மூன்றும் பிள்ளையின் வேலை. கருவாடு மாதிரி ஒரு கேள்வி வந்தால் மட்டும் உங்கள் திட்டத்தை ஓரம் கட்டிவிடுங்கள்.

போர்ஷன் முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, நானும் செய்வதில்லை. செல்லைப் பார்ப்பதும் அளவும், சவ்வு, செல் பிரிதல், இந்த மூன்றுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். கோல்கை உறுப்பு, லைசோசோம் மாதிரியானவற்றைப் படம் போட்டு நேராகச் சொல்லிக்கொடுத்துவிடலாம், அதில் பள்ளி ஆய்வகத்தில் தேட எதுவும் இல்லை. பாடப்புத்தகத்து கியூஆர் கோடில் வரும் வீடியோக்களையும் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் இருப்பதையும் வீட்டுக்கு அனுப்புங்கள், தேர்வு நேரத்தில் திருப்பிப் பார்க்க உதவும். மனு பிரகாஷ் குழு 2014-ல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப் காகித நுண்ணோக்கி இரண்டு மூன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள், சுமார் 140 மடங்கு காட்டும், வெங்காயத் தோலுக்கும் ரோயோவுக்கும் தாராளம், பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்த வாரமே தொடங்குவதென்றால் ரோயோவில் தொடங்குங்கள். செடி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் பள்ளி வாசல் தொட்டியில் நாலைந்து பக்கக்கன்று விட்டிருக்கிறது, ஒன்றை வேரோடு எடுத்து வைக்கிறேன். நிழலில் வைத்துத் தண்ணீர் மட்டும் அளவாக ஊற்றுங்கள்.